எட்டுப் பாட்டு, எத்தனை சீடி? வன்னி இசைக்குழுக்களுக்குக் கட்டுப்படியாகும் வழி எது

பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, ஒலிப்பதிவையும் முடித்துவிட்ட இளைஞர் குழுக்கள் கிளிநொச்சியிலிருந்தும் மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களிலிருந்தும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இறுவட்டு எத்தனை அடிப்பது, எங்கே அடிப்பது? ஆயிரம் அடித்தால்தான் மலிவு என்று ஒருவர் சொல்லியிருப்பார். இந்தக் காலத்தில் சீடி எதற்கு, பென்டிரைவ் போதும் என்று இன்னொருவர். வீட்டிலேயே மடிக்கணினியில் வெற்றுச் சீடியைப் போட்டுப் பாட்டை அதில் எழுதிவிடலாம் என்று மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் வேறொரு குழுவை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் பாட்டைக் கேட்பார்கள் என்று கணக்கிட்டு சீடி அடிக்கக் கூடாது. எத்தனை பேர் அதைக் கையில் வாங்குவார்கள் என்று எண்ணித்தான் அடிக்க வேண்டும். இரண்டும் வேறுவேறு எண்கள். இரண்டாவது எண் பெரும்பாலான குழுக்களுக்கு முந்நூறைத் தாண்டுவதில்லை என்பது என் கணிப்பு.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் கைகள். நம்மிடத்தில் இறுவட்டு விற்பது கடையில் அல்ல, வெளியீட்டு விழாவில். பாடசாலை மண்டபத்திலோ கூட்டுறவாளர் மண்டபத்திலோ விழா நடக்கிறது, முதற் பிரதியை ஒரு பெரியவர் பெறுகிறார், பிறகு சிறப்புப் பிரதி வாங்குவோர் ஒவ்வொருவராய் மேடைக்கு வந்து உறைக்குள் காசு வைத்துக் கொடுக்கிறார்கள். போட்ட காசு திரும்புவது பெரும்பாலும் அந்த ஒரு மாலையில்தான். ஆகவே ஒரு கொப்பியை எடுத்து எண்ணத் தொடங்குங்கள். சிறப்புப் பிரதிக்கு அழைக்கப்போகிறவர்கள் எத்தனை பேர்? மண்டபத்தில் வாசலில் வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? கனடா, லண்டன், சுவிஸ் உறவுகள் எத்தனை கேட்டிருக்கிறார்கள்? கேட்டவர்களை மட்டும் எண்ணுங்கள், கேட்கக்கூடும் என்று நினைப்பவர்களை விடுங்கள்.

பலர் மறப்பது இலவசப் பிரதிகளை. பாடலாசிரியர், பாடியவர்கள், மிருதங்கம், கீபோர்ட், ஒலிப்பதிவாளர், அட்டை வரைந்தவர் என்று எட்டுப் பாட்டுக்கு இருபது பேர் வந்துவிடுவார்கள். ஆளுக்கு இரண்டென்றால் நாற்பது. வானொலிகள், பத்திரிகைகள், பாடசாலை நூலகங்களுக்கு இன்னொரு பத்துப் பதினைந்து. நூறு அடிக்கும் குழு ஐம்பதைத்தான் விற்கப்போகிறது என்பதை முதலே தெரிந்துகொண்டால் விலையைச் சரியாக வைக்கலாம்.

இரண்டாவது, அந்தக் கைகள் எதில் போட்டுக் கேட்கும் என்பது. வீட்டு டிவிடி பிளேயர், வெளிநாட்டிலுள்ள மாமாவின் கார், ஓட்டோவின் யூஎஸ்பி செட், போன் எல்லாம் ஒன்றல்ல. மூன்றாவது, கைமுதல்: இப்போதே எவ்வளவு போடமுடியும், விற்காமல் நின்றால் யார் தாங்குவது. நான்காவது, நாள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் வேண்டுமா, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கா, யூலை ஓகஸ்டில் வெளிநாட்டு உறவுகள் வந்துநிற்கும் நேரத்துக்கா, பெரும்போக அறுவடைக் காசு புழங்கும் மாசி பங்குனிக்கா? நாள் தவறினால் மலிவாய் அடித்த சீடியும் நட்டந்தான்.

வீட்டில் நாமே எழுதுவது

ஒரு மடிக்கணினி, யூஎஸ்பியில் பூட்டும் டிவிடி ரைட்டர், ஐம்பது அல்லது நூறு வெற்றுச் சீடி கொண்ட ஒரு உருளை. கைமுதல் மிகக் குறைவு. இன்று இருபது, அடுத்த கிழமை முப்பது என்று தேவைக்கேற்ப எழுதலாம். பாட்டொன்றில் பிழை கண்டால் அடுத்த சீடியிலேயே திருத்தலாம். இந்த வசதி வேறு எந்த வழியிலும் இல்லை.

இங்கே போகும் செலவு நேரம். எட்டுப் பாட்டு நாற்பது நிமிடம் என்றால் 16 மடங்கு வேகத்தில் எழுத இரண்டரை நிமிடம். தொடக்கமும் முடிப்பும் சீடி மாற்றுவதும் சேர்ந்தால் நான்கு நிமிடம். நூறு சீடிக்கு 400 நிமிடம், அதாவது ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவர் கணினிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் நேரம் மிச்சம், ஆனால் மலிவுச் சீடியில் பிழைகளும் கூடும். நடுவில் கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த சீடி வீண். அதனால் மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். மடிக்கணினியின் பற்றரி நல்ல நிலையில் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. எம்பி3 கோப்புகளை அப்படியே தரவுச் சீடியாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். புதிய பிளேயர்களில் ஓடும், பழைய செட்டிலும் பல கார்களிலும் ஓடாது. எழுதும் மென்பொருளில் 'ஓடியோ சீடி' என்பதையே தெரிவுசெய்ய வேண்டும். திரும்ப அழித்தெழுதும் ஆர்டபிள்யூ வகையை வாங்கவே வேண்டாம். அது ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், பழைய பிளேயர்கள் அதை வாசிக்க மாட்டா.

சீடியின் முகத்தில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். கொஞ்சம் விலகி ஒட்டினாலே சுழலும்போது சமநிலை கெடும். நம்முடைய வெயிலில் பசை இளகி ஓரம் கிளம்பும். வாயால் விழுங்கும் வகைக் கார் பிளேயருக்குள் அப்படியொன்று சிக்கினால் செட்டையே கழற்ற வேண்டிவரும். இங்க்ஜெட்டில் அச்சிடக்கூடிய வெள்ளை முகச் சீடி வாங்கி, அதற்கான தட்டு உள்ள பிரிண்டரில் அடிப்பது சரியான வழி. பிரிண்டர் இல்லையென்றால் ரப்பர் முத்திரையும் விரைவில் உலரும் மையும் போதும், அழகாகவே வரும்.

ஐம்பது பிரதிக்குள் முடிகிற குழுவுக்கும், பாட்டுகள் இன்னும் முடிவான வடிவத்துக்கு வராத குழுவுக்கும் இந்த வழி பொருந்தும்.

டுப்ளிகேற்றர் உள்ள கடையில் கொடுப்பது

ஒரே பெட்டிக்குள் ஐந்து, ஏழு, பத்து ரைட்டர்கள் அடுக்கி, ஒரு மூலச் சீடியிலிருந்து எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் எழுதும் இயந்திரந்தான் டுப்ளிகேற்றர். ஏழு ரைட்டர் இருந்தால் நூறு சீடி பதினைந்து சுற்று, ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் முடியும். எழுதும் முறை வீட்டிலுள்ளதேதான். கடைக்காரர் தருவது வேகம், முகத்தில் ஒழுங்கான அச்சு, அட்டை, உறை எல்லாம் ஒரே இடத்தில் என்ற வசதி.

கலியாணப் படப்பிடிப்புச் செய்யும் ஸ்ரூடியோக்கள் சிலவற்றில் பழைய டுப்ளிகேற்றர் இன்னும் நிற்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அங்கேதான் முதலில் விசாரிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணம், அதற்கும் பிறகுதான் கொழும்பு. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். மாதிரி பார்க்க ஒருதரம், எடுக்க ஒருதரம் என்று போய்வரும் பஸ் காசையும் இழந்த நாட்களின் கூலியையும் சேர்த்தால் கொழும்பின் மலிவு விலை பலமுறை மலிவாய் இருக்காது. பார்சலில் எடுத்தால் சீடி வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் (கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்தான்) உடைந்து வரும். ஏ9இல் பஸ் தட்டில் வரும் பெட்டிக்குள் சீடியைப் பிடிக்கும் பல் உடைந்து சீடி கழன்று கிடப்பது வழமை.

விலை பேசும்போது கேட்கவேண்டியவை உண்டு. எந்தப் பிராண்ட் வெற்றுச் சீடி? தொழில்முறையாளர்கள் பெரிதும் நம்பிய ஜப்பானின் தையோ யூடென் 2015ஓடு இந்தத் தொழிலை விட்டுவிட்டது. இன்று சந்தையில் இருப்பவற்றின் தரம் தொகுதிக்குத் தொகுதி மாறும். முழுவதையும் ஒரே பிராண்டில் எழுதித் தருவாரா? வாசிக்காத சீடிக்கு மாற்றுச் சீடி தருவாரா, எத்தனை நாளுக்குள்? சொன்ன விலைக்குள் அச்சும் உறையும் பிளாஸ்ரிக் சுற்றும் அடங்குமா, வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்ததா? 2024 தொடக்கம் வற் 18 வீதம் என்பதால், சேராத விலையைச் சேர்ந்த விலையென்று நினைத்தால் நூறு பிரதியில் பதினெட்டுப் பிரதியின் காசு கைவிட்டுப் போகும்.

நூறு முதல் முந்நூறு வரை தேவைப்படும் குழுவுக்கு என் பரிந்துரை இதுதான். வன்னியில் பெரும்பாலான குழுக்கள் இந்த எல்லைக்குள்தான் வரும். முதலில் பாதியை எழுதுவியுங்கள், மற்றப் பாதியை விழா முடிந்து ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுதலாம். அட்டையை மட்டும் முழுத் தொகைக்கும் ஒரே தடவையில் அச்சிடுங்கள். அச்சகத்தில் செலவு கூடுவது தொடக்க வேலைக்குத்தான், தாளுக்கு அவ்வளவாக இல்லை.

ஆலையில் அச்சிடுவது

கடையில் பெட்டி திறந்து வாங்கும் படப் பாட்டுச் சீடி எழுதப்பட்டதல்ல, வார்க்கப்பட்டது. கண்ணாடித் தட்டொன்றில் லேசரால் மூலம் வெட்டி, அதிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, உருகிய பொலிகார்பனேற்றை அந்த அச்சில் அழுத்தி, மேலே அலுமினியம் பூசி, அரக்குப் பூச்சால் மூடுவார்கள். இந்தக் கண்ணாடி மூலத்துக்கும் அச்சுக்கும் ஆகும் செலவு பத்துச் சீடி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அதனால் பல ஆலைகள் முந்நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று ஒரு கீழெல்லை வைக்கின்றன.

ஆயிரந்தான் மலிவு என்று சொல்பவர் இதைத்தான் சொல்கிறார். அவர் விட்டுவிடுவதைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்குப் பழக நான் எடுத்தவை. கையிலுள்ள விலைச்சீட்டின் எண்களை அந்த இடங்களில் இட்டுப் பாருங்கள். எழுதும் சீடி ஒன்று 200 ரூபா. ஆலையில் தொடக்கச் செலவு 60,000 ரூபா, பிறகு சீடிக்கு 90 ரூபா.

| பிரதிகள் | எழுதினால் மொத்தம் | ஆலையில் மொத்தம் | ஆலையில் ஒன்றுக்கு |
|---|---|---|---|
| 100 | 20,000 | 69,000 | 690 |
| 300 | 60,000 | 87,000 | 290 |
| 500 | 1,00,000 | 1,05,000 | 210 |
| 1000 | 2,00,000 | 1,50,000 | 150 |

இரண்டும் சமமாவது 545 பிரதியளவில். தொடக்கச் செலவை இரண்டு விலைகளின் வித்தியாசத்தால், அதாவது 60,000ஐ 110ஆல், வகுத்தால் அந்த எண் வரும். அதற்கு மேலே ஆலை மலிவு, தாளில். ஆனால் ஆயிரம் அடித்து முந்நூறுதான் கைக்குப் போயிற்று என்று வையுங்கள். 1,50,000 ரூபா முந்நூறு பேருக்குப் பிரிந்தால் ஒரு சீடிக்கு 500 ரூபா. அதே முந்நூறை எழுதியிருந்தால் 200. மிச்ச எழுநூறும் ஒருவருடைய வீட்டு அலுமாரிக்கு மேல் பெட்டி பெட்டியாய் நிற்கும். அடுத்த தொகுப்புக்கு வைத்திருக்க வேண்டிய காசு அந்தப் பெட்டிகளுக்குள் கிடக்கிறது. நம்முடைய குழுக்கள் முதல் தொகுப்போடு நின்றுபோவதற்கு இது ஒரு காரணம் என்று நம்புகிறேன், அதனால்தான் இந்த இடத்தில் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வேறு செலவுகளும் உண்டு. வெளிநாட்டு ஆலையென்றால் கப்பல் அல்லது விமானக் கூலி, சுங்கம், சரக்கை எடுத்துத் தருபவரின் கூலி, நாணயமாற்று. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முற்பணம் கொடுத்த நாளுக்கும் மீதி கொடுக்கும் நாளுக்கும் இடையில் விலை மாறலாம். காலமும் கிழமைக் கணக்கில் எடுக்கும். பாட்டுகளின் உரிமை உங்களுடையது என்று எழுத்தில் உறுதி கேட்பார்கள். மூலத்தில் ஒரு பிழை இருந்தால் ஆயிரத்திலும் அதே பிழை இருக்கும்.

இதன் பலத்தையும் சொல்ல வேண்டும். எழுதும் சீடியில் ஒலி பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். சித்திரை வெயிலில் வாகனத்தின் முன்தட்டில் கிடக்கும் சீடி சில மாதங்களிலேயே தடுமாறலாம். வார்த்த சீடியில் சாயமே இல்லை, பள்ளங்களாகவே பதிந்திருக்கும். அது நெடுங்காலம் நிற்கும், பழைய பிளேயரும் சிரமமின்றி வாசிக்கும். ஒரு கூத்தையோ கிராமத்து முதியவர்கள் பாடிய பாட்டுகளையோ ஆவணமாக வைக்க எண்ணினால், நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்ப எண்ணினால், இந்தச் செலவுக்கு நியாயம் இருக்கிறது.

பென்டிரைவும் கியூஆர் அட்டையும்

தனியார் பஸ், ஓட்டோ, லான்ட்மாஸ்ரர், கலியாண வீட்டு ஒலிபெருக்கி எல்லாம் இன்று யூஎஸ்பியில்தான் பாடுகின்றன. ஊருக்குள் பாட்டு பரவ வேண்டுமென்றால் பென்டிரைவ்தான் வழி. அதை விற்பதைவிட, பஸ் சாரதிகளுக்கும் ஒலிபெருக்கி வைத்திருப்பவர்களுக்கும் இருபது முப்பதை இனாமாய்க் கொடுப்பது மேல் என்பேன். நாற்பது நிமிடப் பாட்டு நல்ல தரமான எம்பி3இல் 100 எம்பிக்குள் அடங்கும், அதனால் மிகச் சிறிய பென்டிரைவே போதும். எஃப்ஏரி32 முறையில் ஃபோர்மற் செய்யுங்கள், மலிவு செட்டுகள் மற்றவற்றை வாசிக்கா. கோப்பின் பெயர்களை 01, 02 என்று தொடங்கி ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாய் வரும். சில செட்டுகள் கொப்பி பண்ணிய ஒழுங்கிலேயே பாடும் என்பதால் ஒவ்வொன்றாய் ஒழுங்காக ஏற்றுங்கள்.

பென்டிரைவின் குறை, அது சீடியைவிட விலை கூடியது, பாட்டை அழித்துவிட்டுக் கலியாணப் படம் ஏற்றவும் வாய்ப்பானது. மேடையில் சிறப்புப் பிரதியாய்க் கொடுக்கும்போது கையில் அதற்கொரு கனமும் இல்லை.

கியூஆர் அட்டை எல்லாவற்றிலும் மலிவு. அச்சகத்தில் விசிற்றிங் கார்ட் அடிக்கும் செலவுதான். ஆனால் அந்தச் சதுரம் போய்ச்சேரும், பாட்டை ஏற்றிவைத்த இணையக் கணக்கு ஒரு ஆளின் பெயரில் இருக்கிறது. அவர் குழுவை விட்டுப்போனாலோ கடவுச்சொல்லை மறந்தாலோ அட்டை வெறும் தாள். கணக்கைக் குழுவின் பெயரில், இருவருக்குத் தெரிந்த கடவுச்சொல்லோடு வையுங்கள். முள்ளியவளைக்கு உள்ளே போகப்போகச் சிக்னல் மெலியும் இடங்களில் இதை மட்டும் நம்ப வேண்டாம். சீடி அட்டையின் பின்பக்கத்திலேயே அந்தச் சதுரத்தை அச்சிட்டுவிட்டால் ஒரு செலவில் இரண்டும் முடியும். பிளேயர் இல்லாதவரும் சிறப்புப் பிரதி வாங்கத் தயங்கமாட்டார்.

எந்த வழி போனாலும் வரும் செலவுகள்

*ஒலி.* சீடிக்கு வேண்டியது 44.1 கிலோஹேட்ஸ், 16 பிற் வேவ் கோப்பு. காணொளிக்காகக் கலந்த ஸ்ரூடியோ 48இல் தரும். அதை ஒலிப்பதிவாளரே மாற்றித் தருவது நல்லது. வட்சப்பில் வந்த எம்பி3ஐ வேவ் ஆக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது.

*அட்டை.* நம்மூர் வடிவமைப்பாளர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கிலக் குப்பையாகிவிடும். எழுத்துகளை வரைகோடாக மாற்றிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், மாதிரித் தாளில் பாடியவர் பெயர் முதல் நன்றியுரை வரை சத்தமாய் வாசித்துப் பாருங்கள். கார்த் திரையில் பாட்டுப் பெயர் காட்டும் சீடி ரெக்ஸ்ற் தமிழைத் தாங்காது, அங்கேயும் ஆங்கில எழுத்துத்தான்.

*உறை.* கண்ணாடிப் பெட்டியோடு ஒரு சீடி ஏறத்தாழ நூறு கிராம். நூறு பிரதி பத்துக் கிலோ. மட்டை உறையில் அதன் மூன்றிலொரு பங்குதான். ரொறன்ரோவுக்குத் திரும்பும் பெரியம்மாவின் பெட்டிக்குள் ஐம்பது பிரதி வைக்கக் கேட்பதென்றால் இந்த வித்தியாசமே முடிவைத் தீர்மானிக்கும். மேடையில் கொடுக்க இருபதைப் பெட்டியிலும், மற்றதை மட்டை உறையிலும் செய்யலாம்.

*கையொப்பம்.* விழாவில் பாடகரிடம் சீடியின் முகத்திலேயே ஒப்பம் கேட்பார்கள். ஒலி பதிந்த படலம் இருப்பது அந்த முகத்துக்கு அடியில்தான், கீழ்ப்பக்கத்தில் அல்ல. குமிழ்முனைப் பேனை அழுத்தினால் பாட்டுப் போய்விடும். ஒப்பத்தை அட்டையில் போடச் சொல்லுங்கள்.

*உரிமை.* 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, படைத்த நொடியிலேயே அது படைத்தவருக்கு உரியது. அதனால்தான் பாடலாசிரியரிடமும் இசையமைத்தவரிடமும் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும்: எத்தனை பிரதி, இணையத்தில் ஏற்றலாமா, வருமானம் எப்படிப் பிரிப்பது. நண்பர்கள்தானே என்று விட்டால் பாட்டு பிரபலமாகும் நாளில்தான் பிரச்சினை வரும்.

எந்தக் குழுவுக்கு எது

பாடசாலை முடித்த பொடியள், முதல் தொகுப்பு, கைமுதல் குறைவு: வீட்டில் ஐம்பது எழுதுங்கள், மட்டை உறை, பின்னால் கியூஆர். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பாட்டு செய்தவர்கள்: திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே கடையில் இருநூறு கொடுங்கள், நிர்வாகத்தோடு முதலே பேசி எத்தனை எடுப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். மேடை நிகழ்ச்சி செய்து வாழும் குழு: சீடி நூறு போதும், மிச்சக் காசைப் பென்டிரைவில் போட்டுச் சாரதிகளிடம் சேருங்கள், அழைப்பு வருவது அந்த வழியில்தான். வெளிநாட்டு ஊர்ச் சங்கமொன்று அறுநூறு பிரதிக்கு முற்பணமே அனுப்பிவிட்டது: ஆலைக்குப் போங்கள், தயக்கமே வேண்டாம்.

மற்றப் பாதிப் பிரதிகளைப் பிறகு எழுதப்போகும் குழு முதல் நாளிலேயே செய்துவைக்க வேண்டியது ஒன்றுண்டு. மூலச் சீடியின் பிம்பக் கோப்பு (சீடி முழுவதையும் அப்படியே கோப்பாக எடுத்தது), வேவ் கோப்புகள், அட்டையின் பிடிஎஃப், பாவித்த வெற்றுச் சீடியின் பிராண்ட் பெயர் எல்லாவற்றையும் இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். எழுதி முடித்ததில் பத்துக்கு ஒன்றை எடுத்து வீட்டுப் பிளேயரிலும், பழைய காரிலும், மடிக்கணினியிலும் முதற் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஓடவிட்டுக் கேளுங்கள். வேகமாய் எழுதிய சீடி பெரும்பாலும் கடைசிப் பாட்டில்தான் தடுமாறும்.